அஷ்டமி நிலாவில் ஹிப்பார்க்கஸ்

நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாது என்பார்கள். ஆனால், நிலாவைத் தொலைநோக்கியில் பார்க்க வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய மாலைகள்தான் உகந்தவை. பௌர்ணமியன்று வெயில் நேராக விழுவதால் நிலாவில் நிழலே இருக்காது. ஹிப்பார்க்கஸ் போன்ற தேய்ந்த பள்ளங்கள் அன்று இருக்கும் இடமே தெரியாது.

எங்கே தேடுவது? அரைநிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டின் நடுப்பகுதிக்கு வாருங்கள். சற்றுத் தெற்கே, வெளிச்சப் பக்கத்தில், உயர்ந்த கரையும் நடுவில் சிகரமுமாக ஒரு பெரிய பள்ளம் தெரியும். அது அல்பதேக்னியஸ். அதன் வடக்கே கரை சிதைந்து கிடப்பதுதான் ஹிப்பார்க்கஸ். அகலம் சுமார் 150 கி.மீ. 60 மி.மீ. தொலைநோக்கியே போதும். சில கருவிகளில் படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும்; அல்பதேக்னியஸை அடையாளமாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. சப்தமியன்று அந்தப் பகுதி இருட்டில் இருந்தால் மறுநாள் பாருங்கள்.

இப்போது கரையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கிழக்கே ஓரளவு சுவர் நிற்கிறது. மேற்கே வெறும் குன்றுகள்தான் மிச்சம். காற்றும் மழையும் இல்லாத நிலாவில் இதை அரித்தது யார்? பின்னாளில் வந்து விழுந்த விண்கற்கள்தான். கரையை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கீறிய தடங்களைக் கவனியுங்கள். சுமார் 390 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலாவில் மழைக்கடல் எனப்படும் பெரிய வடுவை உண்டாக்கிய பெருமோதல் வாரியிறைத்த பாறைகள் உழுத தடங்கள் அவை. பள்ளத்துக்குள், வடகிழக்கில், 30 கி.மீ. அகலத்தில் ஹாராக்ஸ் என்ற சிறு பள்ளம் இருக்கிறது. விளிம்பு கூர்மையாக, உள்ளே மைபோல் நிழல். புதியதும் பழையதும் எப்படி வேறுபடும் என்று காட்ட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

அவசரப்படாமல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நிலாவின் நடுக்கோட்டருகே விடியல் மணிக்குச் சுமார் 15 கி.மீ. நகர்கிறது, நாம் சைக்கிள் மிதிக்கும் வேகம். முதலில் இருட்டாக இருந்த குன்று ஒன்று, சற்று நேரத்தில் ஒளிப்புள்ளியாக முளைக்கும். மறுநாள் மாலைக்குள் நிழல்கள் சுருங்கி, பாதி அழகு போய்விடும்.

ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் இதே ஹிப்பார்க்கஸை வரைந்திருக்கிறார். நிலாப் பள்ளங்கள் எப்படி உண்டாகின என்று அறிய, ஈரக் களிமண்ணில் குண்டுகளைப் போட்டும் பார்த்தார். பள்ளம் விழுந்தது. ஆனால், நிலாவில் வந்து மோத எங்கிருந்து என்ன வரும் என்று விளங்காததால், கொதிக்கும் குழம்பில் குமிழி உடைவதுபோல உண்டாகியிருக்கும் என்ற முடிவுக்கே போனார்.

நீங்களும் பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். படம் நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை. வரைய உட்கார்ந்தால்தான் கண் நிதானமாகப் பார்க்கும்.