போங்காட்டம் ஆடாமல் 180 கிலோமீட்டர்

சைக்கிள் பாதையின் ஓரத்தில் ஒரு சின்னக் கூடாரம். உள்ளே ஒரு மேசை, ஸ்டாப்வாட்ச், வெயிலில் வாடிப்போன தன்னார்வலர் ஒருவர். மணிக்கு 35 கிலோமீட்டரில் வந்துகொண்டிருந்த ஒரு வீரர் பிரேக் பிடித்து இறங்குகிறார். தன் எண்ணைச் சொல்கிறார். ஐந்து நிமிடம் சைக்கிளைப் பிடித்தபடி சும்மா நிற்கிறார். காலையிலிருந்து அவர் மூச்சு வாங்க முந்தி வந்த அத்தனை பேரும் அவர் கண் முன்னாலேயே கடந்து போகிறார்கள்.

யாரும் அவரை இழுத்து வரவில்லை. சில கிலோமீட்டருக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வந்த மார்ஷல் ஒரு நீல அட்டையைக் காட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான். அடுத்த கூடாரத்தைத் தேடிப் போய் நிற்பது வீரரின் சொந்தப் பொறுப்பு என்கிறது அயர்ன்மேன் விதி. நிற்காமல் போனால் தகுதி நீக்கம் உண்டு. ஆனாலும் குற்றம் செய்தவரே நடந்து போய் சிறைக் கதவைத் தட்டும் ஏற்பாடு விளையாட்டு உலகில் வேறெங்கே இருக்கிறது?

டிரையத்லானின் அமைப்பே அப்படி. முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பாதித் தூரம்தான் 70.3 (மைல் கணக்கில்); கோவாவில் 2019-ல் தொடங்கிய பந்தயம் அந்த வகை. கிரிக்கெட்டில் 22 கஜத்தைச் சுற்றி இரண்டு நடுவர்கள், மேலே மூன்றாவது நடுவர், ஸ்டம்புக்குள் மைக். இங்கே ஊரைத் தாண்டி ஓடும் நெடுஞ்சாலையில் 2,000 பேருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மார்ஷல்கள். 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் நடுவர் விரலைத் தூக்காதபோதும் கில்கிறிஸ்ட் தானாகவே நடந்து வெளியேறினார். இன்றுவரை அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம், அபூர்வம் என்பதால். ஒரு அமெச்சூர் டிரையத்லான் வீரரிடம் அந்தப் பந்தயம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கில்கிறிஸ்டாக இருக்கச் சொல்கிறது. டி.வி. கேமரா கிடையாது, கைதட்டல் கிடையாது.

கேள்வியெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் எழுகிறது: முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கும் நம் சக்கரத்துக்கும் நடுவில். சைக்கிள்காரனின் முதல் எதிரி காற்று. முன்னால் ஒருவர் அதைக் கிழித்துக்கொண்டு போனால், பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பில் கால்வாசிக்கும் மேல் மிச்சம். இதைத்தான் டிராஃப்டிங் என்கிறோம். அயர்ன்மேன் வயதுப் பிரிவுப் பந்தயங்களில் இது தடை. முன் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு 12 மீட்டர் இடைவெளி வேண்டும். அந்த 12 மீட்டருக்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 10 மீட்டர். 12 மீட்டர் என்றால் 1.2 விநாடி இடைவெளி, தும்மல் போடும் நேரம். 25 விநாடியில் அந்த 12 மீட்டரை விழுங்க, முன்னால் போகிறவரைவிட மணிக்கு 1.7 கிலோமீட்டர் அதிக வேகம் வேண்டும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால், அந்த 1.7 கிலோமீட்டருக்குக் கால்கள் சுமார் 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை முந்தும்போதும்.

இப்போது போங்கு ஆடுபவரின் கணக்கு. 36-ல் போகக்கூடியவர் இன்னொருவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு 38-ல் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதித் தூரப் பந்தயத்தின் 90 கிலோமீட்டரை 2 மணி 30 நிமிடத்துக்குப் பதில் 2 மணி 22 நிமிடத்தில் முடிப்பார். லாபம் எட்டு நிமிடம். மாட்டிக்கொண்டால் அபராதம் ஐந்து நிமிடம்! அதற்குப் பிறகும் மூன்று நிமிடம் கையில் நிற்கிறது, ஓடுவதற்குப் புத்தம் புதுக் கால்கள் வேறு. இந்தக் கணக்கு தெரிந்தும் 12 மீட்டர் பின்னால் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இந்த விளையாட்டில் ஆச்சரியமான விஷயம்.

இந்தக் குற்றத்துக்கு இயற்கையான அசிங்கம் எதுவும் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் அறிமுகமானதிலிருந்து அங்கே தனிநபர் பந்தயத்தில் கூட்டமாக ஒட்டி ஓட்டுவது சட்டப்படி சரி. அது ஒரு கலை. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலை சைக்கிள் குழுக்களைப் பாருங்கள். கடல் காற்றுக்கு எதிரே ஒருவர் முன்னால் இழுப்பார், மற்றவர்கள் வீல் பிடித்து வருவார்கள், சற்று நேரத்தில் முறை மாறும். இடைவெளி விட்டு வந்தால் திட்டுதான் விழும். வருடத்தில் 50 ஞாயிற்றுக்கிழமை மரியாதையாக இருந்த பழக்கம், பந்தய நாளில் ஏமாற்று. உடம்பு தானாகவே முன் சக்கரத்தை நோக்கிச் சாயும். மனசுதான் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.

ஆனால் என்னை உண்மையில் உறுத்துவது வேறு விதி. உங்களை ஒருவர் முந்திவிட்டால், நீங்கள்தான் பின்வாங்கி மறுபடி 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒருவர் முந்தினால் சரி, பெடலைச் சற்றுத் தளர்த்தலாம். பத்துப் பேர் கூட்டமாக வந்து, ஒருவர் பின் ஒருவராக உங்கள் முன்னால் சொருகினால்? விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பவர் ஒவ்வொருவருக்காகவும் பின்வாங்கி, கடைசியில் 120 மீட்டர் பின்னால் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். கூட்டமோ ஒருவர் முதுகில் ஒருவராக ஜாலியாகப் போய்விடும். மார்ஷல் வரும் சத்தம் கேட்டால் கொஞ்சம் விரியும், அவர் போனதும் மறுபடி சுருங்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் சத்தம்தான் பல பேருக்கு மனசாட்சியின் குரல்.

பழியை முழுக்க வீரர்கள் தலையில் போடுவதும் நியாயமில்லை. 2,000 பேர், ஆளுக்கு 12 மீட்டர் என்றால் 24 கிலோமீட்டர் சாலை வேண்டும். 30 கிலோமீட்டர் பாதையில் மூன்று சுற்று என்று போட்டுவிட்டு, நடுத்தர வேக நீச்சல்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கரையேறி சைக்கிள் எடுத்தால், நேர்மையாக இருக்க இடமே இருக்காது. நுழைவுக் கட்டணத்தை எண்ணும்போது அமைப்பாளர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்? அலை அலையாகச் சிறு குழுக்களாக நீரில் இறக்கும் முறை நெரிசலைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. நியூசிலாந்தில் உருவான ரேஸ்ரேஞ்சர் என்ற கருவி, சைக்கிளின் முன்னும் பின்னும் பொருத்தினால் இடைவெளியை அளந்து விளக்கு நிறத்தால் எச்சரிக்கும். 2023 முதல் தொழில்முறைப் பந்தயங்களில் வலம் வருகிறது. சில டஜன் தொழில்முறை வீரர்களுக்கு விளக்கு, ஆயிரக்கணக்கான அமெச்சூர்களுக்கு மனசாட்சி. இப்போதைக்கு ஏற்பாடு அப்படித்தான்.

டிராஃப்டிங்கிலாவது தெரியாமல் செய்தேன், கூட்டம் நெருக்கியது என்று சமாதானம் சொல்ல இடமுண்டு. பாதையைக் குறுக்கே வெட்டுவதில் அது கிடையாது. 2015 ஜூலையில் விஸ்லரில் நடந்த அயர்ன்மேன் கனடா பந்தயத்தைச் சொல்ல வேண்டும். பெண்கள் 40-44 வயதுப் பிரிவில் முதலாவதாக வந்தவரின் நேரப்பதிவில் ஓட்டை. கணுக்காலில் கட்டியிருந்த சிப் வழியில் தொலைந்துவிட்டது என்றார். சிப் இல்லையென்றால் ஆங்காங்கே தரையில் விரித்திருக்கும் உணர்விகளில் அவர் கடந்து போன தடயம் இருக்காது.

சந்தேகத்தைக் கிளப்பியது அதிகாரிகள் அல்ல, கூட ஓடியவர்கள். இரண்டாவதாக வந்தவர், இந்தப் பெண் என்னை முந்தியதை நான் பார்க்கவே இல்லையே என்றார். பார்க்காமல் இருப்பது அவ்வளவு சுலபமல்ல. போன வழியே திரும்பி வரும் பாதையில் எதிரே வருகிறவர்களின் முகம் தெரியும். கெண்டைக்காலில் வயதை எழுதிவிடும் வழக்கம் வேறு இந்தப் பந்தயங்களில் உண்டு. யார் நம் போட்டியாளர் என்பதை முதுகுப் பக்கமிருந்தே படித்துவிடலாம். பிறகு சக போட்டியாளர்கள் புகைப்படங்களையும் நேரப்பதிவுகளையும் வைத்துக்கொண்டு, அவர் எங்கே இருந்தார் என்பதைவிட எங்கே இல்லை என்பதைத் தேடினார்கள். விசாரணைக்குப் பின் அயர்ன்மேன் நிறுவனம் அவரைத் தகுதி நீக்கம் செய்து, காலவரையற்ற தடையும் விதித்தது. 2016 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதும் அளவுக்கு விஷயம் பெரிதானது. அவரோ, தான் முழுத் தூரத்தையும் கடந்ததாகவே சொல்லிவந்தார்.

அவர் பெயரை நான் எழுதவில்லை. தனி மனுஷி, அவருக்கு நேர்ந்தது போதும். மேடையின் இரண்டாம் படியில் நின்ற பெண்ணைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். பட்டியலில் அவர் பிறகு முதல் இடத்துக்கு ஏறினார், சரி. ஆனால் அந்த மாலை, அந்த மேடை, ஒலிபெருக்கியில் சொல்லப்பட்ட அந்தப் பெயர் எல்லாம் வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர், ‘விடுங்க சார், காசா பணமா, அவங்க தங்களைத்தானே ஏமாத்திக்கிறாங்க’ என்பார். பெருந்தன்மையாகத் தொனிக்கும் சோம்பேறிப் பேச்சு இது. உலக சாம்பியன்ஷிப்புக்கான இடங்கள் எண்ணி வைத்த இடங்கள். ஸ்லாட் கிடைத்தவர் வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு உருண்டு போகும். ரோல் டவுன் என்பார்கள். பந்தயம் முடிந்த களைப்போடு மண்டபத்தில் உட்கார்ந்து, தன் பெயர் வருமா என்று காது கொடுத்துக் காத்திருக்கும் 47 வயதுக்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, அலுவலகம் போகுமுன் நீந்தி, பிள்ளையின் பள்ளி விழாவைத் தவறவிட்டு வந்தவர். ஒரு ஸ்லாட் குறைவதால் ஏமாறுவது அவர்.

மருந்து விஷயமும் அமெச்சூர்களைத் தொடாதது அல்ல. ஜெர்மனியின் மெயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிராங்க்ஃபர்ட், ரேகன்ஸ்பர்க், வீஸ்பாடன் பந்தயங்களில் ஏறக்குறைய 3,000 டிரையத்லான் வீரர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, முடிவை 2013-ல் வெளியிட்டார்கள். ஒருவர் எந்தக் கேள்விக்கு ‘ஆம்’ போட்டார் என்பது கேட்டவருக்கே தெரியாதபடி அமைத்த முறை அது. முந்தைய 12 மாதங்களில் உடல்திறனைக் கூட்டும் தடைசெய்யப்பட்ட பொருளை எடுத்தவர்கள் சுமார் 13 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். எட்டில் ஒருவர்! பரிசுத்தொகை என்ற ஒன்றே அநேகமாக இல்லாத கூட்டத்தில். நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் எழுதித்தரும் மருத்துவர்கள் மேலை நாடுகளில் நிறைய இருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இருக்கிறதே என்று ஊசியோடு கோட்டில் நிற்பவருக்கு, மருத்துவ விலக்குக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி மட்டும் ஏனோ ஞாபகத்தில் இருப்பதில்லை.

எல்லா விதிமீறலும் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை என்பதையும் தொழில்முறைப் பந்தயங்கள் காட்டியிருக்கின்றன. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெலில் தள்ளாடிய தம்பி ஜானி பிரவுன்லீயை அண்ணன் அலிஸ்டர் தோளில் தாங்கி, கோட்டுக்கு முன்னால் தள்ளிவிட்டார். தம்பி இரண்டாவது, அண்ணன் மூன்றாவது. ஸ்பெயின் முறையிட்டது, நிராகரிக்கப்பட்டது; பின்னர் விதியே இறுக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் ஒத்திகைப் பந்தயத்தில் ஜெஸ் லியர்மந்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் இருவரும் கைகோத்து முதலாவதாக வந்தார்கள். செயற்கையான சமநிலை என்று இருவரையும் நீக்கி, வெற்றியை ஃப்ளோரா டஃபிக்குக் கொடுத்தார்கள். எனக்கு இந்த இரண்டாவது தீர்ப்பில் புகார் இல்லை. பந்தயம் என்று வந்தபின் முடிவை இருவர் பேசிவைத்துக்கொள்வது, அன்பினாலேயே ஆனாலும், மூன்றாமவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

அப்படியானால் சான்டாண்டெரில் நடந்தது? 2020 செப்டம்பர், ஸ்பெயின். மூன்றாம் இடத்தில் வந்துகொண்டிருந்த பிரிட்டன் வீரர் ஜேம்ஸ் டீகிள், கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதை தவறித் தடுப்பை நோக்கிப் போய்விட்டார். பின்னால் வந்த டியேகோ மென்ட்ரிடா அந்த இடைவெளியில் முந்திவிட்டார். ஒரு எட்டு வைத்தால் வெண்கலம். திரும்பிப் பார்த்தவர் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். டீகிள் வந்து, கைகுலுக்கி, தாண்டிப் போனார். அப்புறம்தான் மென்ட்ரிடா கால் வைத்தார்.

விதிப்படி அவர் நின்றிருக்கத் தேவையில்லை. பாதையை அறிந்திருப்பது டீகிளின் வேலை. டோக்கியோ தீர்ப்பை ஆதரிக்கிற நான் இதை மட்டும் எப்படிக் கொண்டாடுவது என்று கொஞ்சம் யோசித்தேன். டோக்கியோவில் இருவர் சேர்ந்து பந்தயத்தின் முடிவை அழித்தார்கள். சான்டாண்டெரில் ஒருவர், சாலை ஏற்கெனவே தந்திருந்த முடிவை அழியவிடவில்லை. தான் ஓடி ஜெயிக்காத இடம் எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அமைப்பாளர்கள் டீகிளின் மூன்றாம் இடத்தை அப்படியே வைத்துவிட்டு, மென்ட்ரிடாவுக்கும் கௌரவ மூன்றாம் இடம் கொடுத்தார்கள், அதே 300 யூரோ பரிசோடு. அந்த வருடம் சான்டாண்டெரில் ஒரு வெண்கலத்துக்கு 600 யூரோ செலவானது.