தழும்புக்கு எண் உண்டு, விவரம் இல்லை

பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்துப் பட்டதாரிப் பிள்ளைகள், மருத்துவப் பதிவில் உள்ள நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் இடும் மெடிக்கல் கோடிங் படிக்கச் சேலத்துக்கும் சென்னைக்கும் போகிறார்கள். கோடிங் பரவினால் மருத்துவப் பதிவுகள் துல்லியமாகிவிடும், சிசேரியனுக்குப் பின் வரும் சிக்கல்களும் பிடிபட்டுவிடும் என்ற வாதமும் கூடவே வருகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோடிங் வேலை தருகிறது, மறுக்கவில்லை. பிரசவத்தில் கர்ப்பப்பை கிழிந்தால் ஓ71, நஞ்சுக்கொடி பிரியாமல் ஒட்டிக்கொண்டால் ஓ43 என்று எங்கும் ஒரே எண் இருப்பதும் நன்மைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனாக நடக்கும் தமிழ்நாட்டுக்கு இத்தகைய சிக்கல்களின் கணக்கு அவசியம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முந்தைய சிசேரியன் தழும்போடு கர்ப்பமான பெண்ணுக்கு அமெரிக்கக் குறியீட்டில் ஓ34.21 வரிசை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டியிருந்தால் ஓ34.211, நெடுக்கே வெட்டியிருந்தால் ஓ34.212. எதுவும் குறிக்கப்படாவிட்டால் ஓ34.219. அதுவும் செல்லுபடியாகும் எண்தான். மருத்துவர் எழுதாததைக் கோடர் ஊகித்துச் சேர்க்கக் கூடாது. ஆக, எழுதாமல் விட்ட குறைக்கும் ஓர் எண் கிடைத்து, பதிவு முழுமையடைந்ததாகத் தோன்றிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10 நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இந்தப் பிரிவினைகூடக் கிடையாது. கர்ப்பப்பைத் தழும்பு எதுவானாலும் ஓ34.2தான்.

வெட்டில் உள்ள இந்த வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டது. கீழ்க்குறுக்குத் தழும்போடு சுகப்பிரசவத்துக்கு முயலும்போது கர்ப்பப்பை கிழியும் வாய்ப்பு 100க்கு ஒன்றுக்கும் குறைவு. மேல்பகுதியில் நெடுக்கே வெட்டியிருந்தால் 4 முதல் 9 வரை. முதல் பிரசவம் தாய்வீட்டு ஊரில், அடுத்தது புகுந்த வீட்டுப் பக்கம் என்பது நம் வழக்கம். இரண்டாவது மருத்துவரின் கையில் இருப்பது பிளாஸ்டிக் கவருக்குள் மடித்துவைத்த ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் ‘ப்ரீவியஸ் எல்எஸ்சிஎஸ்’ (முன்பு கீழ்ப்பகுதி சிசேரியன்) என்று மட்டும் இருந்தால், ஏன் செய்தார்கள், வெட்டு எங்காவது நீண்டதா என்பதை அவர் யாரிடம் கேட்பார்? மறுபடியும் அறுவையே பாதுகாப்பு என்று முடிவெடுப்பார். சிசேரியன் கூடக்கூட இன்னோர் ஆபத்தும் ஏறுகிறது: நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்துக் கிடக்கும் பெண்களில் அது ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து முதல் சிசேரியனில் 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. விடுபட்ட ஒரு வரி அடுத்தடுத்த பிரசவங்களுக்கு இப்படித்தான் ஆபத்தை ஏற்றுகிறது. எத்தனை கோடர்களை அமர்த்தினாலும் அந்த வரியை அவர்களால் எழுத முடியாது.

எண் பிறகு வரட்டும். சிசேரியன் செய்த காரணம், கர்ப்பப்பையில் வெட்டிய விதம், அறுவையில் நேர்ந்த சிக்கல் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, சிசேரியன் முடிந்து வீடு திரும்பும் பெண்ணும் அவர் குடும்பமும் இந்த மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.