இடைவெளியற்ற சுவர்

கவிதை எந்த இடத்தில் பிறந்தது என்று ஆராய்வது திறனாய்வாகாது என்பாருளர். சொல்லே கவிதை, ஊரும் தெருவும் அதற்குப் புறம்பானவை என்பது அவர்கள் வாதம். பெரும்பாலான நூல்களுக்கு இது பொருந்தும். ஆயினும் இடமும் எழுத்தும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்து கிடக்கும் தலங்கள் சில உண்டு. அங்கே இடத்தை விலக்கிவிட்டு எழுத்தை மட்டும் எடைபோடுதல் இயலாது. பாரிஸ் மாநகரின் கான்கோர்ட் சுரங்க ரயில் நிலையம் அத்தகையது.

1900-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்நிலையம் திறக்கப்பெற்றது. 1910-இல் வேறொரு கம்பெனி அமைத்த தடம் இங்கே வந்து சேர்ந்தது. அதுவே இன்றைய 12-ஆம் தடம். 1914-இல் 8-ஆம் தடமும் இணைந்தது. இங்ஙனம் மூன்று தடங்கள் கூடும் மாற்று நிலையமாயிற்று. இங்கே இறங்குவோருள் பலர் வந்து சேர்ந்தவர் அல்லர்; மாறிச் செல்பவர். நின்று எதையும் வாசிக்க நேரமற்றவர். அப்படிப்பட்ட இடத்தோடு இரண்டு எழுத்துப் படைப்புகள் தொடர்புகொண்டிருப்பதே நம் கவனத்தை ஈர்க்கிறது.

முதலாவது, அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் இரண்டு வரிக் கவிதை. கான்கோர்டில் ரயிலைவிட்டு இறங்கியபோது அழகிய முகங்கள் சில அடுத்தடுத்துத் தோன்றியதாகவும், அவ்வுணர்வை முதலில் முப்பது வரிகளில் எழுதி அழித்துவிட்டதாகவும், ஆறு மாதம் கழித்து அதில் பாதியளவாகவும், ஓராண்டு கழித்து இரண்டே வரிகளாகவும் ஆக்கியதாகவும் அவரே 1914-இல் எழுதியுள்ளார். 1913 ஏப்ரலில் சிகாகோவின் 'பொயட்ரி' இதழில் வெளிவந்த அக்கவிதையில் தலைப்பு நீங்கலாக 14 சொற்களே உண்டு. வினைச்சொல் ஒன்றும் இல்லை.

வினையற்ற வாக்கியம் என்று ஆங்கில விமரிசகர்கள் இதனைப் பெரிதும் வியந்து பேசுவர். அந்த வியப்பு நமக்கு ஏற்படுவதற்கில்லை. அரபு இலக்கணத்தின் ஜும்லா இஸ்மிய்யா வினையின்றியே முழு வாக்கியமாகும். தமிழிலும் பெயர்ப் பயனிலை கொண்டு முடிவது அன்றாட வழக்கு. எனவே நம் மொழிகளின் வழியே நோக்கும்போது இக்கவிதையின் புதுமை வேறிடத்தில் இருக்கிறது. முகங்களையும் மலரிதழ்களையும் அருகருகே வைத்துவிட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள உறவைச் சொல்லாமல் விட்டாரே, அந்த இடைவெளியில் இருக்கிறது. முதல் அச்சில் சொற்கூட்டங்களுக்கு நடுவிலும் வழக்கத்தை மீறிய வெற்றிடம் விடப்பட்டிருந்தது. வெற்றிடத்தை நிரப்பும் வேலை வாசகனுக்கு என்பது அதன் பொருள்.

இரண்டாவது படைப்பு இதற்கு நேர் எதிரானது. பெல்ஜிய நாட்டுக் கலைஞர் பிரான்ஸ்வாஸ் ஷைன் 1989 தொடங்கி 1991-க்குள் 12-ஆம் தடத்து நடைமேடைகளின் சுவரையும் வளைகூரையையும் பீங்கான் ஓடுகளால் நிரப்பினார். ஓட்டுக்கு ஓர் எழுத்து. 1789 ஆகஸ்ட் 26-இல் பிரெஞ்சுத் தேசியப் பேரவை ஏற்றுக்கொண்ட மனித உரிமை, குடியுரிமைப் பிரகடனம் தன் 17 விதிகளோடும் அங்கே விரிந்து கிடக்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விடப்படவில்லை. பவுண்ட் முகங்களைக் கண்டார். அவை யாருடையவை என்று கேட்டாரில்லை. ஷைனின் சுவரில் முகமே இல்லை. எல்லா முகங்களுக்கும் உரியது இது என்னும் உரிமை மட்டும் இருக்கிறது.

இதனை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவாரோடு நாம் உடன்படோம். இடைவெளியின்றி எழுதுவது பழங்கால மரபு. நம் ஓலைச்சுவடிகளில் சொற்பிரிப்பு இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இல்லை. ஆதி அரபு ஏடுகளில் நுக்தாவும் ஹரகத்தும் இன்றி எழுத்தின் எலும்புக்கூடு மட்டுமே இருந்தது. அவற்றை ஓதுபவன் முதலில் எழுத்துக்கூட்ட வேண்டும். எங்கே சொல் முடிகிறது என்று தானே துணிய வேண்டும். துணிவதற்குப் பொருள் விளங்க வேண்டும். பிழையாகப் பிரித்தால் பொருளும் பிழைபடும். ஷைன் செய்தது இதுவே. பள்ளிப் புத்தகத்தில் ஒருவரும் நின்று படிக்காத ஒரு பிரகடனத்தை, எழுத்தறிந்தவனையும் மறுபடி எழுத்துக்கூட்ட வைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். விரைந்தோடும் இடத்தில் விரைந்து படிக்க இயலாத எழுத்து! இதுவே அப்படைப்பின் முதற் சிறப்பு.

இனி, இடத்திற்கு வருவோம். நிலையத்தின் மேலே உள்ள சதுக்கம் 1792-இல் புரட்சிச் சதுக்கம் எனப் பெயர் பெற்றது. 1793 ஜனவரி 21-இல் மன்னர் பதினாறாம் லூயியின் தலை அங்கே துண்டிக்கப்பட்டது. பிரகடனத்தில் பெண்ணுக்கு இடமில்லையே என்று 1791-இல் 17 விதிகளால் மறுபிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் என்னும் மாதும் அதே ஆண்டு நவம்பர் 3-இல் அங்கேயே கொல்லப்பட்டார். 'இணக்கம்' என்று பொருள்படும் கான்கோர்ட் என்ற பெயர் 1795-இல் வந்தது.

நிலையத்திற்குள்ளும் ஒரு வரலாறு உண்டு. 1961 அக்டோபரில் பாரிஸ் காவல்துறைத் தலைவர் மோரிஸ் பாபோன் அல்ஜீரிய முஸ்லிம்கள் இரவு 8.30 மணிக்குமேல் வெளியே நடமாடலாகாது என்று அறிவித்தார். அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்த காலம். காவலர் சிலரும் கொல்லப்பட்டிருந்தனர். பயங்கரவாதத்தை ஒடுக்குவதே நோக்கம் எனப்பட்டது. ஆனால் ஆணை குற்றவாளிகளைக் குறிக்கவில்லை. ஓர் இனத்தார் முழுவதையும் குறித்தது. சட்டப்படி அவர்களும் அன்று பிரெஞ்சுக் குடிமக்களே. அதனை எதிர்த்து அக்டோபர் 17 இரவு அவர்கள் ஆயுதமின்றி ஊர்வலம் வரப் புறப்பட்டனர். நகர் நடுவே செல்ல மெட்ரோவில் வந்தவர்களைக் காவலர் நிலைய வாயில்களிலேயே மடக்கினர். 11,000-க்கு மேற்பட்டோர் அன்று பிடிபட்டனர். அடித்துக் கொல்லப்பட்டோரும் ஸேன் நதியில் வீசப்பட்டோரும் பலர். தொகை இன்றளவும் வழக்கிலுள்ளது. கான்கோர்ட் நிலையத்தில் கைகளை உயர்த்தி நிறுத்தப்பட்டிருந்த அல்ஜீரியர்களை எலி ககான் என்ற புகைப்படக்காரர் படமெடுத்தார். பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் தேசியப் பேரவை இக்கொடுமையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்ற 2024 மார்ச் 28 வரை காலம் பிடித்தது.

முப்பதாண்டுக்குப்பின் அதே நிலையத்தின் சுவரில்தான் சட்டம் குறித்தபடியன்றி ஒருவரையும் கைது செய்யலாகாது என்னும் 7-ஆம் விதி ஓடுகளாகப் பதிக்கப்பட்டது. பொது ஒழுங்கு குலையாதவரை சமயக் கருத்துக்காக எவரையும் துன்புறுத்தலாகாது என்னும் 10-ஆம் விதியும் பதிக்கப்பட்டது. 'ஒழுங்கு குலையாதவரை' என்ற அந்த ஒரு நிபந்தனைக்குள் எத்தனை 1961-கள் புகுந்துவிடக் கூடும் என்பதைச் சுவர் சொல்லவில்லை. 1789-இன் உரையை முழுமையாகத் தருவதோடு நின்றுகொண்டது.

கலைஞர் வரலாற்றாசிரியர் அல்லர். பொதுமை நோக்கிய படைப்பில் ஒரு நிகழ்ச்சியைத் திணித்தால் அது சிறுத்துவிடும் என்று மறுப்பர். வலிமையான மறுப்பே. ஷைன் இதே நோக்கில் லிஸ்பனிலும் பெர்லினிலும் ரயில் நிலையச் சுவர்களில் உரிமை வாசகங்களைப் பதித்தவர். அவருடைய நோக்கம் உலகளாவியது. ஆயினும் பொதுமை என்பது ஒருவரும் நிற்காத இடமாகிவிடக் கூடாதன்றோ? சதுக்கத்து எழுத்தைச் சதுக்கத்தோடும் நிலையத்து எழுத்தை நிலையத்தோடும் சேர்த்தே படிக்க வேண்டும். முழு உரையை எழுதியதால் முழு உண்மையும் எழுதப்பட்டதாகாது. இது படைப்பின் குறை என்றே நாம் சொல்வோம்.

ஆனால் அக்குறைக்கு மருந்தும் அப்படைப்பிலேயே இருக்கிறது. சதுக்கத்தின் நடுவே எகிப்தின் லக்ஸர் நகரத்துத் தூண் நிற்கிறது. முகம்மது அலீ பாஷா அளித்தது, 1836-இல் நிறுத்தப்பட்டது. அதன்மீதுள்ள சித்திர எழுத்திலும் சொல்லிடைவெளி கிடையாது. அந்தப் பாஷா பாரிஸுக்கு அனுப்பிய மாணவர் குழுவுடன் 1826-இல் சென்ற அல்அஸ்ஹர் ஆலிம் ரிஃபாஆ அத்தஹ்தாவி, பிரெஞ்சு அரசியல் சாசனத்தை அரபியில் பெயர்த்துத் தம் பாரிஸ் நூலில் 1834-இல் வெளியிட்டார். அவர்கள் சுதந்திரம் என்பது நம்மிடையே அத்ல், இன்ஸாஃப் என வழங்கும் நீதியும் நேர்மையுமே என விளக்கினார். அயலாரின் உரையை எழுத்துக்கூட்டி, தம் மொழியின் அளவுகோலால் பிரித்து, பொருள் கண்டார். வாசகன் செய்யவேண்டிய பணி இது.

பவுண்ட் இடைவெளி விட்டு வாசகனை அழைத்தார். ஷைன் இடைவெளியே விடாமல் அழைக்கிறார். சொற்களை எங்கே பிரிப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு ரயிலுக்குக் காத்து நிற்பவனிடம் வந்துவிடுகிறது. 7-ஆம் விதியின் முடிவில் அவன் ஒரு கணம் நிறுத்தி, கைகளை உயர்த்தி அங்கே நின்றவர்களை அவ்விடத்தில் வைத்துப் படிப்பானாகில், சுவர் எழுதாமல் விட்டதும் எழுதப்பட்டதாகும்.