கற்றல் பாணி: பிள்ளைகளுக்கு முத்திரை குத்தலாமா?

நாள் பாடத்திட்டம் எழுதும்போது ‘காட்சிவழி, செவிவழி, இயக்கவழி மாணவர்’ என்று பிரித்து எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நானும் அப்படி எழுதியவள்தான்.

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு வகுப்பு. ஒரு பையன் இரண்டு நிமிடம்கூட உட்கார மாட்டான். வினாநிரல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, ‘இயக்கவழி மாணவன்’ என்று குறித்துக்கொண்டேன். மற்றவர்கள் வாசிக்கும் நேரத்தில் அவன் களிமண்ணில் எழுத்து செய்வான். அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் நிம்மதி. ஆண்டு நடுவில் அவன் அம்மா வந்தார். “டீச்சர், மத்த பிள்ளைங்க எல்லாம் புத்தகம் வாசிக்குதுங்க. இவன் மட்டும் ஏன் இன்னும் களிமண்ணு உருட்டிக்கிட்டு இருக்கான்?”

பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவனைத் தனியாக வாசிக்க வைத்துப் பார்த்தேன். கெ, கே, கொ, கோ எல்லாம் குழம்பியது. வாசிப்பு வந்தாலே எழுந்து ஓடியதற்குக் காரணம் அதுதான். நான் குத்திய முத்திரை அந்தக் குறையை மறைத்துவிட்டது.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங், மில்ஸ் என்பவருடன் சேர்ந்து 1992-இல் காட்சி, செவி, வாசிப்பு–எழுத்து, இயக்கம் என நான்கு வகைகளை முன்வைத்தார். அவருடைய வினாநிரல் கேட்பது விருப்பத்தை. விருப்பம் வேறு, பயன் வேறு. 2008-இல் ஹேரல்ட் பாஷ்லரும் மூவரும் இத்துறை ஆய்வுகளை அலசினார்கள். பாணிக்கேற்பக் கற்பித்தால் அடைவு கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் முடிவு. ஹாவர்ட் கார்ட்னரின் பல்வகை நுண்ணறிவுக் கோட்பாட்டையும் (1983) நாம் இதோடு சேர்த்துப் பேசுகிறோம். இரண்டும் ஒன்றல்ல என்று 2013-இல் கார்ட்னரே எழுதினார்.

அப்படியென்றால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றா? இல்லைங்க. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை, கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை, முந்தைய பாடமே பிடிபடாத பிள்ளை என்று வேறுபாடுகள் நிறைய. வகுப்பறை மதிப்பீட்டில் நாம் தேடிப் பார்க்க வேண்டியவை இவையே.

வழிமுறையை முடிவு செய்வது பாடம். ல, ள, ழ வேறுபாட்டுக்கு எல்லாருக்குமே காதும் நாக்கும் வேண்டும். பின்னத்துக்குக் காகிதத்தை மடித்துக் காட்ட வேண்டும். கொடிமலை ரயிலில் கூட்டிப்போனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்தான். ஆனால் திரும்பி வந்து அதைப் பேசி, எழுதி, வாசித்தால்தான் கட்டுரை வரும்.

தேர்வெழுதும் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ‘கற்றல் பாணி’ பற்றிக் கேள்வி வந்தால் வகைகளைப் பட்டியலிடுவதோடு நிறுத்தாதீர்கள். சான்று எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.

அந்தப் பையனிடமிருந்து களிமண்ணை நான் பிடுங்கவில்லை. ஒற்றைக் கொம்பும் காலும் செய்து ‘க’வுக்கு இரு பக்கமும் வைக்கச் சொன்னேன். “இப்ப சொல்லு” என்றேன். “கொ” என்றான். உடனே புத்தகத்தைத் திறந்து அதே எழுத்தைத் தேட வைத்தேன். அந்த மூன்றாவது வேலையைத்தான் அரை வருஷமாக அவனுக்குக் கொடுக்காமல் விட்டிருந்தேன்.