துன்பப்படுகிறவர் வாதியா, பயனாளியா?

பெங்களூர் தொம்மலூரில் உள்ள சொக்கப்பெருமாள் கோயில் அந்நகரின் பழைய கோயில்களில் ஒன்று. அங்குள்ள கல்வெட்டுகளில் பல தமிழில் இருக்கின்றன. போசள மன்னன் வீர இராமநாதன் இவ்வூர் வருவாயிலிருந்து பத்துப் பொன்னைக் கோயிலுக்கு விட்டதாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. 1270இல் அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்த செய்தி இன்னொன்றில் இருக்கிறது. கொடுத்தவர் பெயரும் கொடுத்த பொருளும் ஏழரை நூற்றாண்டு தாண்டி நமக்குக் கிடைக்கின்றன. அந்தப் பத்துப் பொன்னை வரியாகக் கட்டிய குடிகளின் பெயர் கிடைக்கவில்லை. அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பலவும் ஒரு சாபத்தோடு முடியும். தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்பது அதன் சாரம். தானம் காப்பாற்றப்பட வேண்டும் என்ற கவலை அதில் தெரிகிறது. தானத்தின் பாரத்தைச் சுமந்தவனுக்கு அந்த வாசகத்தில் இடமில்லை.

தொம்மலூர் மேம்பாலத்திலிருந்து உள்வட்டச் சாலையில் கோரமங்களா நோக்கிப் போனால் ஈஜிபுரா வரும். அங்கே நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி கட்டிய அடுக்ககங்கள் பழுதாகி, சில இடிந்தும் விழுந்தன. அந்த நிலத்தை வணிக வளாகமும் மாற்று வீடுகளுமாக வளர்த்தெடுக்க ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தமானது. 2013 ஜனவரியில் புல்டோசர் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தமிழ் பேசும் தலித் குடும்பங்களும் அவற்றில் உண்டு. அதன்பிறகு எழுந்த வாதமெல்லாம் யார் அசலாக ஒதுக்கீடு பெற்றவர், யார் வாடகைக்கு வந்தவர், பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதைச் சுற்றியே நடந்தது. வீடிழந்தவர் தன் வழக்கைச் சொல்ல வந்த வாதியாகப் பார்க்கப்படவில்லை. தகுதி சரிபார்க்கப்பட வேண்டிய பயனாளியாகவே பார்க்கப்பட்டார்.

நீதி, உரிமை, துன்பம் குறித்துத் தென்னிந்தியாவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் சிந்தனையை இந்த ஒரு கேள்வியை வைத்துப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். துன்பப்படுகிறவரை இந்தச் சிந்தனை எங்கே உட்கார வைக்கிறது?

பழைய சமயச் சிந்தனையில் துன்பம் ஏன் வருகிறது என்பதுதான் முதற்கேள்வி. கர்மக் கொள்கை அதற்குத் தந்த விடையை உலகச் சமயங்கள் கண்ட விடைகளிலேயே முரணில்லாத ஒன்றாக மாக்ஸ் வெபர் மதித்தார். சைவ சித்தாந்தம் அதைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று நுட்பமாகப் பிரித்துவைத்தது. முரணில்லாமைதான் இங்கே சிக்கல். எல்லாத் துன்பத்துக்கும் முன்வினையே காரணமானால் எதிர்த்தரப்பு என்று ஒன்று இல்லாமற் போகிறது. எதிர்த்தரப்பு இல்லாத இடத்தில் வழக்கு ஏது?

தமிழ் மரபு முழுக்க இந்த விடையோடு அடங்கிப் போகவுமில்லை. திருக்குறளின் இரவச்சம் அதிகாரத்தில், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே கெட்டுத் திரியட்டும் என்று ஒரு குறள் சாபமிடுகிறது. கல்வெட்டின் சாபத்துக்கு நேர் எதிர்த்திசையில் போகும் சாபம் இது. சிலம்பில் கண்ணகி அரசவைக்கே போய் வழக்குரைக்கிறாள். மணிமேகலை ஊழையும் வினையையும் ஏற்கும் பௌத்தக் காப்பியம்தான். ஆனால் பசித்தவரிடம் அது போன பிறவிக் கணக்கை விசாரிப்பதில்லை, சோறு போடுகிறது. சிறைக்கோட்டம் அங்கே அறக்கோட்டமாகிறது. தத்துவத்தில் வினையையும் நடப்பில் உடனடி உதவியையும் ஒன்றாக வைத்துக்கொண்ட இந்த ஏற்பாடு நெடுங்காலம் நீடித்தது.

அதை உடைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பறையர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தர்கள், சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அவர் வாதம். அவருடைய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை இன்றைய மொழியியலார் ஏற்கமாட்டார்கள், நானும் ஏற்கவில்லை. ஆனால் அந்த வாதம் செய்த வேலை பெரிது. தாழ்வுக்குக் காரணம் முற்பிறவியிலிருந்து வரலாற்றுக்கு இடம் மாறியது. குற்றம் செய்தவர் என்று ஒரு தரப்பு வந்துவிட்டது. கோலார் தங்கவயல் தொழிலாளர்களிடையிலும் பெங்களூர்த் தமிழர்களிடையிலும் இந்தப் பௌத்தம் வேர்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். ஜி. அலாய்சியஸ் 1998இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இவ்வியக்கத்தை விரிவாக ஆராய்கிறது. பண்டிதரின் எழுத்துகளை அவர் தொகுக்க, பாளையங்கோட்டையில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் வெளியிட்டது. பௌத்தரின் எழுத்தைச் சேசு சபையார் கல்லூரி காப்பாற்றிக் கொடுத்தது இத்துறையின் இனிய முரண்களில் ஒன்று.

அதே 1907இல் பேராசிரியர் லட்சுமி நரசு ஆங்கிலத்தில் பௌத்த சாரத்தை எழுதினார். 1948இல் அதன் மறுபதிப்புக்கு முன்னுரை தந்தவர் அம்பேத்கர். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ இன்னும் ஓரடி முன்னே போகிறது. பிறப்பே துக்கம், வாழ்வே துக்கம் என்றால் மனிதனுக்கு மிஞ்சுவது அவநம்பிக்கைதானே, இது புத்தர் சொன்னதாக இருக்குமா என்று நான்கு உண்மைகளையே அவர் சந்தேகிக்கிறார். மனிதன் மனிதனுக்கு இழைக்கும் அநீதியையே முதன்மையான துக்கமாக முன்னிறுத்துகிறார். மரபுவழிப் பௌத்தர்கள் இன்றும் இதை ஒப்புவதில்லை. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. அநீதி எல்லாம் ஒழிந்த ஊரிலும் பெற்ற பிள்ளை சாகும். அந்தத் துக்கத்துக்கு அம்பேத்கரின் பௌத்தத்தில் அதிக இடமில்லை.

கிறிஸ்தவ இறையியலில் இந்தத் திருப்பம் நேர்ந்த இடம் பெங்களூர். 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981 ஏப்ரலில் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை சூத்திர இறையியலைப் பற்றியது. இந்திய இறையியல் அதுவரை வேதாந்தத்தோடு பேசிக்கொண்டிருந்தது. சபையில் பெரும்பான்மையாக இருந்த தலித்துகளின் அனுபவம் அதில் எங்கே என்று அவர் கேட்டார். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த விடுதலை இறையியலும் அவருக்குப் போதவில்லை. குஸ்தாவோ குத்தியெரெஸின் 1971ஆம் ஆண்டு நூலில் ஏழை இருக்கிறான், வர்க்கம் இருக்கிறது, சாதி எப்படி இருக்கும்? பின்னர் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் நிர்மல் இதைத் தனித் துறையாகவே வளர்த்தார். செயலுக்கும் கோட்பாட்டுக்கும் முன்னால் வலி வருகிறது, வலிதான் அறிவின் வாசல் என்றார். ஏசாயா சொல்லும் பாடுபடும் ஊழியனைத் தலித்தாகக் கண்டார். தலித்துகளின் கடவுளே ஏவல் செய்யும் கடவுள் என்றார்.

தோட்டியும் சலவைத் தொழிலாளியும் செய்கிற வேலையில் கடவுளைக் காண்பது சாதிக் கிறிஸ்தவரின் கன்னத்தில் விழுந்த அறை. ஆனால் அந்த வேலையிலிருந்து வெளியேற விரும்பும் தோட்டியின் மகளுக்கு இந்தக் கடவுள் என்ன சொல்வார்? ஊழியமே தெய்வீகம் என்றாகிவிட்டால் மலக்குழிக்குள் இறங்க மாட்டேன் என்பதற்கு இறையியலில் பலம் குறைகிறது. பெனியேல் ராஜ்குமார் 2010இல் வெளியிட்ட நூல், தலித் இறையியலுக்கும் சபைகளின் அன்றாட நடப்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்கிலெடுத்து, பாடுகளை விட்டுக் குணமாக்கும் கதைகளுக்குத் திரும்பியது. அது சரியான திருத்தம் என்பது என் எண்ணம்.

ஆனால் கோட்பாட்டுக்காரர்களைவிட எனக்கு நெருக்கமானவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் ஜே. தியோபிலஸ் அப்பாவு, ஊரார் வாயில் பரட்டை அண்ணன். வழிபாட்டையே நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். நற்கருணையை ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதாக விளக்கினார். சேர்ந்து சாப்பிட மறுப்பதுதான் சாதி. அப்படியிருக்க ஒரே உலைச் சோற்றைவிடத் தெளிவான இறையியல் என்ன வேண்டும்? சத்தியநாதன் கிளார்க் 1998இல் பறையைக் கிறிஸ்துவின் குறியீடாக வாசித்ததும் இந்த வழியில் வருவதே. 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ இறையியல் என்ற பெயரில் எழுதப்படவில்லை. துறவற மடத்துக்குள் போய், அங்கேயும் சாதியைப் பார்த்து வெளியே வந்த பெண்ணின் சாட்சியம் அது. பல இறையியல் நூல்கள் செய்யாததை அது செய்தது. திருச்சபையைப் பிரதிவாதிக் கூண்டில் ஏற்றியது.

வலியை அனுபவித்தவர்தான் வலியைப் பற்றிக் கோட்பாடு செய்யலாமா? நிர்மல் எழுப்பிய இக்கேள்வியைக் கோபால் குரு 2002இல் சமூக அறிவியல் பக்கமிருந்து கேட்டார். தலித்துகள் தரவு தரவும் மற்றவர்கள் கோட்பாடு செய்யவுமான வேலைப் பிரிவினை அறிவுலகிலும் நடக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. பெங்களூரில் பணியாற்றிய தத்துவ அறிஞர் சுந்தர் சருக்கை அதற்கு எழுதிய பதிலில் அனுபவத்துக்கு உரியவர், அனுபவத்தை எழுதுகிறவர் என்ற வேறுபாட்டைக் கொண்டுவந்தார். விருப்பப்பட்டுச் சேரிக்குப் போய்ப் பார்ப்பவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பிவரலாம். அங்கே பிறந்தவனுக்கு அந்தத் தெரிவு இல்லை. இருவரின் விவாதமும் 2012இல் நூலாயிற்று. ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த, தன் நிலை அறியாத திரைக்குப் பின்னிருந்து நீதியை யோசிக்கும் முறைக்கு இந்த விவாதம் ஒரு மறைமுகப் பதிலும்கூட. சாதி தெரியாமல் யோசிப்பது சாதியால் அடிபடாதவருக்கு எளிது. அமர்த்திய சென் 2009இல் நிறுவனங்களின் ஒழுங்கையும் மனிதர் வாழ்வில் நிகழும் நீதியையும் பிரித்துக் காட்டியது உதவுகிறது. ஆனால் அவர் நூலில் துன்பப்படுகிறவர் இன்னும் கொஞ்சம் தொலைவிலேயே நிற்கிறார். உபேந்திர பக்ஷி இன்னும் காட்டமானவர். மனிதத் துன்பம் உரிமைச் சந்தையில் விற்பனைப் பொருளாகும் விதத்தை 2002ஆம் ஆண்டு நூலில் பிட்டுவைத்தார். நிதி திரட்டும் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு அவர் சொல்வது விளங்கும்.

நூலாக எழுதியதைவிட வாழ்ந்து காட்டிய இறையியல் ஸ்டேன் சுவாமியுடையது. 1937இல் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இந்தச் சேசு சபைத் துறவி, 1975 முதல் பத்தாண்டுக்கு மேல் பெங்களூரின் இந்திய சமூக நிறுவனத்தை நடத்தினார். பின்னர் ஜார்க்கண்ட் போனார். அங்கே பழங்குடி மக்களின் நில உரிமைக்கும் விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்த இளைஞர்களுக்கும் குரல் கொடுத்தார். எல்கார் பரிஷத் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று ஊபா சட்டத்தில் கைதானார். குற்றச்சாட்டுகளை மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் அந்த முதியவர் தண்ணீர் குடிக்க ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. விசாரணை தொடங்காமலே, ஜாமீன் மனு நிலுவையில் இருக்க, 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவரைப் புனிதராக்கிவிடும் ஆசை பலருக்கு இருக்கிறது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. புனிதருக்குப் படம் வைத்தால் போதும். மனுதாரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் வாதியை எப்படி நடத்துகிறது என்பதற்கு சூசை வழக்கு போதும். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் இலவசமாகப் பெட்டிக்கடை தரும் திட்டம் ஒன்று இருந்தது. சென்னையில் அதே தொழில் செய்த, ஆதிதிராவிடர் குலத்தில் பிறந்த சூசைக்கு அது கிடைக்கவில்லை, காரணம் அவர் கிறிஸ்தவர். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியாரை இந்துக்களுக்குள் அடக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. மதம் மாறியபின்னும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பது நிறுவப்படவில்லை என்று 1985 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. சாதி உண்டா என்று நீதிமன்றம் அவரிடம் கேட்கவில்லை, வலியின் அளவைக் காட்டச் சொன்னது. அதற்கான தரவுகளைச் சேர்க்கத் தெருவோரத் தொழிலாளியால் முடியுமா? 2001இல் இனவெறிக்கு எதிரான டர்பன் மாநாட்டில் சாதியை உலக மனித உரிமைப் பேச்சுக்குள் கொண்டுபோகத் தலித் அமைப்புகள் போராடியதன் பின்னணியில் இந்த ஆதங்கமும் உண்டு. பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு அடுத்த ஆண்டே சொல்லிவிட்டது. மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில்தான் ஆணையம் அமைந்தது.

இத்துறைக்குப் புதிதாக வருகிற வாசகர் ரால்ஸிலோ வெபரிலோ தொடங்க வேண்டாம். சூசை தீர்ப்பை முதலில் படியுங்கள், சிறியதுதான். அடுத்து ‘கருக்கு’ படியுங்கள். நிர்மலையும் குரு–சருக்கை விவாதத்தையும் அதற்குப் பிறகு எடுத்தால், அவை யாருக்குப் பதில் சொல்ல எழுதப்பட்டவை என்பது விளங்கும்.