ஈலை டெரியின் மரச் சக்கரங்கள்

கனெற்றிக்கட் மாநிலத்து நாட்டுப்புற மணிக்கூட்டுக் கைவினைஞர் ஈலை டெரி (1772–1852) மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றின்படி 4000 மர மணிக்கூட்டு இயந்திரங்களை, ஒன்று 4 டொலர் வீதம், செய்து கொடுத்தார். இந்த எண்ணிக்கையைச் சொல்லியே அவரைப் புகழ்வது வழக்கம். என் கணிப்பில் இது அவருடைய இரண்டாந்தரச் சாதனை.

டெரியின் குரு டானியேல் பர்னப். பித்தளைச் சக்கரங்களை ஒவ்வொன்றாக வெட்டி, முகப்பையும் தானே செதுக்கியவர். டெரியோ விலை குறைந்த மரத்தைத் தெரிந்தார்: ஓக் பலகை, செரிமரச் சக்கரம். ஒப்பந்தத்தின் முதலாண்டு முழுவதும் நீர்விசை இயந்திரங்களை அமைப்பதிலேயே கழிந்தது.

இத்தகைய உற்பத்திக்கு எதிரான மிகக் கூர்மையான வாதம் நம்மவரிடமிருந்தே வந்தது. கொழும்பில் பிறந்து, கடைசி முப்பது ஆண்டுகளை கனெற்றிக்கட்டின் அயல் மாநிலமான மசாச்சுசெற்சில் கழித்த ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட 'மத்தியகால சிங்களக் கலை'யில் இலங்கைக் கைவினைஞரின் வீழ்ச்சியை வேதனையோடு எழுதினார். பொருள் பெருகினாலும் அதைச் செய்பவன் சிறுத்துப்போகிறான் என்பது அவர் நிலைப்பாடு. அந்த 4000 இயந்திரங்களுக்கு முன்னால் இதற்குப் பதில் சொல்வது கடினம். வடிவம் பழைய நெடுமணிக்கூட்டினதுதான், பேழையும் கிடையாது. வாங்கியவர் தச்சரைத் தேட வேண்டும், அல்லது வெறுமனே சுவரில் மாட்ட வேண்டும்.

1816 இல் காப்புரிமை பெற்ற தட்டு மணிக்கூட்டுக்கு முன்னால் அதே வாதம் தளர்கிறது. நெடுமணிக்கூட்டின் எடைக்கட்டிகள் இறங்க ஆளுயரப் பேழை வேண்டும். டெரி கயிறுகளை மேலே கப்பிகளுக்கு ஏற்றி, கட்டிகளைப் பேழையின் இரு ஓரங்களிலும் இறங்கவிட்டார். ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்துக்குள் எல்லாம் அடங்கின. ஒருமுறை முறுக்கினால் 30 மணிநேரம் ஓடும். இயந்திரச் சாலை எதுவும் தானாகக் கண்டுபிடித்துவிடாத தீர்வு இது. பொருளோடு நெடுநாள் புழங்கிய கைக்கே இது வசப்படும்.

குறை மரத்தில்தான். ஈரம் பட்டால் பற்கள் வீங்கும். மழைக்காலத்தில் கதவுகளே இறுகிக்கொள்ளும் நுகேகொடையில் இந்த மணிக்கூடு ஒழுங்காக ஓடியிராது. 1830களின் பிற்பகுதியில், முன்பு டெரியிடம் வேலைசெய்த சான்சி ஜெரோம் மலிவான பித்தளைத் தகட்டு மணிக்கூட்டைக் கொண்டுவந்ததும் மரச் சக்கரத்தின் காலம் விரைவில் முடிந்தது.

செல்வந்தராக ஓய்வுபெற்ற பின் டெரி மீண்டும் பித்தளை மணிக்கூடுகளை ஒவ்வொன்றாகச் செய்தார். குமாரசுவாமியின் பக்கம் நிற்போர் இதைச் சான்றாக எடுக்கலாம். ஆனால் அந்த ஓய்வுக்குப் பணம் தந்தது தொழிற்சாலை. அங்கே பற்களை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு அப்படியொரு முதுமை வாய்க்கவில்லை. ஆகவே வேலைத்தேர்ச்சியில் பர்னப்புக்கு ஒரு படி கீழேயும், வடிவமைப்பில் அவருக்கு வெகு மேலேயும் டெரியை வைக்கிறேன். 1816 ஐ நம்பி, 4000 ஐ நம்பியல்ல.