பரல் புகும் வாசல்

எங்கள் ஊரில் விமானத்தை யாரும் அழகு பார்த்ததில்லை. வங்கக் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற நிலம் ஆரையம்பதி. யுத்த காலத்தில் இங்கே வளர்ந்தவர்களுக்கு வானத்து இரைச்சல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அவ்ரோ, சகடை, ஹெலி, பொம்மர், கிபிர் என்று சின்னப் பிள்ளைகூடக் காதால் பிரித்துச் சொல்லும். சொல்லி முடிக்குமுன் வீட்டுக்குள் ஓடியிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு, பட்டாளத்திலும் வேலை பார்த்த ஒரு பழைய விமானத்தின்மேல் ஆசை வந்தது என்றால் ஊரார் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அதன் பெயர் பீவர். கனடாவின் டி ஹாவிலண்ட் தொழிற்சாலை செய்தது. ரொறன்ரோவுக்குப் போயிருந்தபோது, மருமகனை ஏழெட்டு மணித்தியாலம் கார் ஓட வைத்து, சூ செயின்ட் மரீ நகரின் ஆற்றங்கரையில் இருக்கும் புஷ் பிளேன் அருங்காட்சியகத்துக்குப் போனேன். முதன்முதல் பறந்த பீவர் அங்கேதான் நிற்கிறது. சுற்றிப் பார்த்துவிட்டு மருமகன் கேட்டான்: “இதப் பார்க்கவா மாமா இவ்வளவு தூரம் வந்த?”

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. முதல் பார்வைக்குப் பீவர் அழகி அல்ல. மொத்த மூக்கு, பெட்டி உடம்பு, தலைக்கு மேலே நேராக நீட்டிய இறக்கை, அதைத் தாங்க இரண்டு பக்கமும் முட்டு. நீளம் 9 மீற்றர் சொச்சம், இறக்கை விரித்தால் ஏறத்தாழ 14.6 மீற்றர். கூர்மையும் இல்லை, வளைவுநெளிவும் இல்லை. தோணியைக் கரையில் வைத்துப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். அதன் அழகு தெரிய, ஆளும் வலையும் ஏறி அது தண்ணீரில் நகர வேண்டும்.

கனடாக்காரர் ‘புஷ்’ என்று சொல்வது வெறும் புதரை அல்ல. தெரு எட்டாத இடமெல்லாம் அவர்களுக்குப் புஷ்தான். எங்கள் ஊரின் பழம்பெயர் ஆரைப்பற்றை. பற்றை என்றாலும் புதர்தான். அந்த உறவிலேதான் எனக்கு இந்த விமானத்தின்மேல் ஒட்டுதல் வந்ததோ என்னவோ.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. போர் விமானங்களைச் செய்து தள்ளிய டி ஹாவிலண்டின் டவுன்ஸ்வியூ தொழிற்சாலைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அடுத்து என்ன செய்வது என்று யோசித்த பில் கரட்டின் நிர்வாகம், வரைபலகைக்கு முன்னால் உட்காருவதற்கு முதல் ஒரு காரியம் செய்தது. விற்பனைக்குப் பொறுப்பாக இருந்த பஞ்ச் டிக்கின்ஸ் ஒரு காலத்தில் வடபுலத்துக் காடுகளின்மேல் பறந்தவர். அவர் தன் பழைய தோழர்களான காட்டு விமானிகளிடம், உங்களுக்கு எப்படிப்பட்ட விமானம் வேண்டும் என்று கேட்டு எழுதினார். குறுகிய இடத்தில் எழும்ப வேண்டும், நிறையச் சுமக்க வேண்டும், சக்கரம், மிதவை, பனிச்சறுக்கு மூன்றையும் மாற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று பதில்கள் வந்தன. வேகம் பற்றிக் கேட்டபோது, நாய் இழுக்கும் பனிவண்டியை முந்தினால் போதும் என்றாராம் ஒருவர்.

அந்தப் பதில்களுக்கு உலோகத்தில் உருவம் கொடுத்தவர்களில், போலந்திலிருந்து வந்த யாக்கிமியுக், டிக் ஹிஸ்கொக்ஸ், பிரெட் புல்லர் ஆகியோர் முக்கியமானவர்கள். முதல் பீவரின் பதிவு எழுத்தான எஃப்-எச்-பி, பிரெடெரிக் ஹவார்ட் புல்லரின் முதலெழுத்துகள்தாம். 1947 ஓகஸ்ட் 16 அன்று ரஸ் பனொக் அதை முதன்முதலாக வானில் ஏற்றினார்.

இனி வாசலுக்கு வருவோம். ரசிக்கிறவன் நிற்க வேண்டிய இடம் அதுதான். பீவரின் பக்கக் கதவு, 45 கலன் எண்ணெய்ப் பரல் ஒன்றை உருட்டி உள்ளே தள்ளும் அளவுக்கு அகலமானது. இடப்புறமும் அப்படி, வலப்புறமும் அப்படி. எந்தப் பக்கம் துறைமேடையில் அணைந்தாலும் சாமான் ஏற்றலாம். காட்டு வாழ்க்கையில் பரல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. விளக்கு, அடுப்பு, படகு, திரும்பிப் போகும் விமானம் எல்லாம் அதற்குள் இருக்கும் எண்ணெயை நம்பியவை. ஆகவே இந்த விமானத்தின் அளவுகோலும் பரல்தான். ஆள் ஏறுவதற்கென்று செய்த கதவில் பரல் ஏறாது. பரல் ஏறும் கதவில் நோயாளியைக் கிடத்திய படுக்கையும் ஏறும்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான விமானங்களுக்கு எரிபொருள் இறக்கைக்குள் இருக்கும். நிரப்ப மேலே ஏற வேண்டும். உறைபனியில், ஆடுகிற மிதவையின்மேல் நின்று யார் ஏறுவது? பீவருக்கு எண்ணெய்த் தாங்கிகள் வயிற்றில், உட்தளத்துக்குக் கீழே. நின்ற நிலையிலேயே ஊற்றலாம். என்ஜினுக்கு மசகெண்ணெய் விடும் வாய் விமானியின் அறைக்குள்ளேயே இருக்கிறது. பறந்துகொண்டே ஊற்றலாம். இறக்கையின் பின்மடல்களை இறக்க மோட்டர் கிடையாது, கையால் பம்ப் அடிக்க வேண்டும். பழுதாகக் கூடியவை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது தனியே பறக்கிறவனின் கணக்கு. அந்த மடல்கள் இறங்கும்போது இறக்கை நுனியில் உள்ள சாய்வு மடல்களும் சேர்ந்து தாழும். இறக்கை முழுவதும் காற்றை அள்ளிப் பிடிக்கும். குட்டிக் குளத்திலிருந்தும் அது எழும்புவதன் இரகசியம் இதில் பாதி.

மீதிப் பாதி மூக்கில் இருக்கிறது. முதலில் போட நினைத்தது பிரித்தானிய ஜிப்சி குயின் என்ஜினை. அது போதாது என்று கண்டு, 450 குதிரைவலுக் கொண்ட அமெரிக்க வாஸ்ப் ஜூனியருக்கு மாறினார்கள். ஒன்பது சிலிண்டர்கள் பூவிதழ்போல் வட்டமாக நிற்கும் என்ஜின் அது. அருங்காட்சியகத்துக்குப் போன அன்று பிற்பகல் ஆற்றில் மிதவைப் பீவர் ஒன்று கிளம்பியது. முதலில் ஓர் இருமல், நீலப் புகை, இன்னோர் இருமல். பிறகு ஒவ்வொரு சிலிண்டராக விழித்து, எல்லாம் ஒரே குரலாயின. காலையில் மக்கர் பண்ணிவிட்டு வயலுக்குப் புறப்படும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெரியண்ணன். வானத்து இரைச்சல் ஒன்றுக்கு நான் ஓடாமல் நின்றது அன்றைக்குத்தான்.

காட்டுக்கென்று செய்ததைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. தெருவில்லாத இடமும் போர்முனையும் விமானத்திடம் கேட்பது ஒன்றையே. மொத்தம் செய்த 1,657 பீவர்களில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 970, அமெரிக்கத் தரைப்படைக்குப் போயின. கொரியாவில் தளபதிகளையும் காயப்பட்டவர்களையும் சுமந்தன. பீவரின் பெரிய தம்பி, 1951இல் முதலில் பறந்த ஒட்டர், இந்தியாவுக்கு வந்தது. ஒட்டர் என்றால் நீர்நாய். இந்திய விமானப்படையின் 41ஆவது அணி இன்றைக்கு டோர்னியர் ஓட்டினாலும் பெயர் ‘ஒட்டர்ஸ்’ தான்.

1971இல் இந்தியா ஓர் ஒட்டரை வங்காள விடுதலைப் போராளிகளுக்குக் கொடுத்தது. நாகாலாந்தின் திமாப்பூரில் அதன் இறக்கைக்குக் கீழே ரொக்கெட்டுகளைப் பூட்டினார்கள். 25 இறாத்தல் குண்டுகளைக் கையால் உருட்டித் தள்ளத் தற்காலிகக் கதவு ஒன்றும் வைத்தார்கள். டிசம்பர் 3ஆம் திகதி இரவு அது சிட்டகொங் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியது. பரல் உள்ளே வருவதற்காகப் பிறந்த குடும்பத்தில், குண்டு வெளியே போவதற்கு ஒரு கதவு.

இந்த இடத்தில் ஊர்க்காரனின் மனம் சறுக்கும். எங்கள் வானத்தில் நாங்கள் அஞ்சிய விமானங்களில் சீனத்து வை-12உம் ஒன்று. 1982இல் முதலில் பறந்தது. அதற்கும் உயர்ந்த இறக்கை, மடங்காத சக்கரம், குறுகிய ஓடுபாதையே போதும் என்ற குணம். ஆள் ஏற்றவும் பண்டம் ஏற்றவும் பிறந்த அதை இலங்கை விமானப்படை போரின் தொடக்க ஆண்டுகளில் குண்டு போடவும் பயன்படுத்தியது. இலங்கையில் விமானப்படை தொடங்கிய 1951இல் அதன் முதல் விமானமாக வந்த சிப்மங்க் பயிற்சி விமானம்கூட டவுன்ஸ்வியூவில் வடிவமைத்ததுதான், பீவருக்கு ஒரு வயது மூத்தது. ஒரே பட்டறையின் குணங்கள் எந்தக் கைக்குப் போகின்றன என்பதைப் பட்டறை தீர்மானிப்பதில்லை.

அதற்காகப் பட்டறையின் கெட்டித்தனத்தை மறுக்கவும் மனம் வரவில்லை. உள்ளூர்க்காரனுக்கு இது எளிதில் புரியும். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போக எங்களுக்கு இருந்தது ‘பாதை’. வெளியூர்க்காரர் அதை வழி என்று நினைப்பார்கள். எங்களுக்குப் பாதை என்றால் வாவியில் ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டையான மிதவை. நெல்மூட்டை, சைக்கிள், மாடு, கர்ப்பிணி, பிரேதம் எல்லாம் அதில் போயின. தட்டையாக, விளிம்பில்லாமல், கரையோடு கரையாக அணைய வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு இலக்கணம் இல்லை. பீவரைச் செய்தவர்கள் பாதையைக் கண்டிருந்தால் உடனே விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

வாவிக்கு அக்கரையில் 1958இல் அமைந்த மட்டக்களப்பு விமானத் தளம், நெடுங்காலம் விமானப்படையின் கையில் இருந்து, 2018 மார்ச்சில் பொதுமக்களுக்கும் திறந்தது. இங்கே வரும் ஒற்றை என்ஜின் செஸ்னா கேரவனை நிமிர்ந்து பாருங்கள். உயர்ந்த இறக்கை, முட்டு, பெட்டி உடம்பு. பீவருக்கும் ஒட்டருக்கும் மாற்றாக நினைத்துச் செய்த விமானம் அது. ஆனால் மாற்றப்பட வேண்டிய பீவர் இன்னும் ஓயவில்லை. 2019 டிசம்பர் 10 அன்று வன்கூவர் அருகே ஹார்பர் எயர் நிறுவனம் ஒரு பழைய பீவரின் மூக்கில் மின்மோட்டரைப் பொருத்திப் பறக்கவிட்டது. என்ஜினை மாற்றினார்கள், உடம்பை மாற்றவில்லை.

கனடாவுக்குப் போகும் நம்மவர்களுக்கு ஒரு சொல். நயாகராவைப் பார்த்த பிறகு ஒரு நாள் மிச்சம் இருந்தால் ஏதாவது ஒரு பீவரைத் தேடிப் போங்கள். மூக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பக்கத்துக் கதவைத் திறக்கச் சொல்லி, இரண்டு கையையும் விரித்து அளந்து பாருங்கள்.